‘பிரேக்த்ரூ’ என்றால் திருப்புமுனையா? நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே சொல் வருவது ஏன்?

பர்கூர் மொழியாக்கம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மாவட்டச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போது ‘பிரேக்த்ரூ’ என்ற சொல் வந்தாலே கை நின்றுவிடுகிறது. அகராதியைப் பார்த்தால் திருப்புமுனை, பெரும் முன்னேற்றம், சாதனை, ஊடுருவல் என்று வரிசையாகக் கிடக்கிறது. எதை எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை. இப்போது கையில் இருக்கும் ஐந்து வாக்கியங்களின் சாரம் இது:

மாங்காய் விலை பற்றி விவசாயிகளும் மாங்கூழ் ஆலைகளும் நடத்திய பேச்சில் பிரேக்த்ரூ.

நகைத் திருட்டு வழக்கில் போலீசாருக்குப் பிரேக்த்ரூ.

மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் தொல்லியலில் ஒரு பிரேக்த்ரூ.

தடுப்பூசி போட்டவர்களுக்கும் பிரேக்த்ரூ தொற்று வரலாம்.

ஃபுளோரைடு வடிகட்டியில் பிரேக்த்ரூ வந்தவுடன் தண்ணீர் பிடிப்பதை நிறுத்த வேண்டும்.

முதல் மூன்றும் நல்ல சேதி, கடைசி இரண்டும் கெட்ட சேதி. ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் நிற்கிறது? கூடவே குவாண்டம் லீப், லீப்ஃப்ராக், லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தமிழாக்கலாமா என்றும் சொல்லுங்க.

தகடூர் சொல்வயல்

கடைசி இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. முதல் மூன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் அடிப்பொருள் பிடிபடாது.

‘பிரேக்’ உடைப்பது. ‘த்ரூ’ ஊடே புகுந்து அந்தப் பக்கம் போவது. குறுக்கே நின்ற ஒன்றை உடைத்துக்கொண்டு மறுபுறம் வெளிப்படுவதுதான் சொல்லின் படம். வினையாக இது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகப் புழங்குகிறது. ஒட்டி எழுதும் பெயர்ச்சொல்லாகப் பரவியது முதல் உலகப் போர்க் காலத்தில். மேற்குப் போர்முனையில் இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டி, முள்கம்பி கட்டி, ஆண்டுக்கணக்கில் நகர முடியாமல் கிடந்தன. 1918 மார்ச் 21 அன்று ஜெர்மானியப் படை வட பிரான்சில் பிரிட்டிஷ் அணிவரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தது. அப்படிப்பட்ட பிளப்புக்குப் படைத்துறையில் வைத்த பெயர் இது. அறிவியல் முதலிய துறைகளில் திடீர் முன்னேற்றத்துக்கு உருவகமாக ஏறியது 1930களில்.

தர்மபுரிக்காரர்களுக்கு இந்தப் படம் அன்னியமானதன்று. மதிலை முற்றுகையிட்டு உடைக்க வருகிறவன் உழிஞைப் பூ சூடுவான், உள்ளே நின்று காப்பவன் நொச்சிப் பூ சூடுவான் என்று நம் பழைய இலக்கணம் இரண்டு திணையாகவே பிரித்து வைத்திருக்கிறது. அதியமானின் தகடூரை (இன்றைய தர்மபுரி) வென்ற சேரனுக்குத் ‘தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை’ என்றே பெயர். அந்த ‘எறிந்த’ (தாக்கி அழித்த) என்ற வினைக்குள் பிரேக்த்ரூ முழுவதும் அடங்கியிருக்கிறது. சேரன் பக்கம் நின்று பார்த்தால் வெற்றி. அதியமான் பக்கம் நின்று பார்த்தால் மதில் போயிற்று. உங்கள் நான்காவது, ஐந்தாவது வாக்கியங்களில் நாம் அதியமான் பக்கம் நிற்கிறோம். கிருமியும் ஃபுளோரைடும் வெளியே நின்று எறிகின்றன.

ஆகவே மொழிபெயர்க்கும் முன் வாக்கியத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குறுக்கே நின்றது எது? எழுதுகிறவர் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறார்? முதல் கேள்விக்கே விடை கிடைக்காவிட்டால், மூலத்தை எழுதியவர் சொல்லை அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார். அங்கே ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று தணித்து எழுதுவதுதான் நேர்மை.

‘திருப்புமுனை’ பற்றி. தொப்பூர் கணவாய்ச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை வளைந்து திசை மாறும் இடம் திருப்புமுனை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று காட்டுவது மைல்கல். வழியை அடைத்துக் கிடந்த பாறையைப் பிளந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தால் அது பிரேக்த்ரூ. தோல்வியும் ஒருவர் வாழ்க்கையில் திருப்புமுனை ஆகலாம், அதை யாரும் பிரேக்த்ரூ என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. திருப்புமுனை என்பது பெரும்பாலும் காலம் கழிந்து திரும்பிப் பார்த்துச் சொல்வது. பிரேக்த்ரூவை நடந்த அன்றே சொல்லலாம்.

மாங்காய்ப் பேச்சுக்கு ‘இழுபறி தீர்ந்தது’, ‘முட்டுக்கட்டை விலகியது’ இரண்டும் பொருந்தும். ‘உடன்பாடு ஏற்பட்டது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெங்களூரா ரகத்துக்கு ஒரு விலையில் பிடிவாதமாக நின்ற தரப்பு இறங்கி வருவது பிரேக்த்ரூ. கையெழுத்து அதற்கு அப்புறம். இறங்கி வந்த மறுநாளே பேச்சு முறியவும் கூடும். அப்போது ஆங்கிலத்தில் வரும் சொல் பிரேக்டவுன். ‘உடன்பாடு’ என்று முதல்நாளே அச்சில் வந்துவிட்டால், லாரியில் காய் ஏற்றி அனுப்புகிறவர் அந்தச் சொல்லை நம்பித்தான் அனுப்புவார்.

போலீஸ் வழக்குக்குத் தமிழில் கச்சிதமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: துப்பு துலங்கியது. ‘வழக்கில் திருப்பம்’ என்பது வேறு, அது எதிர்பாராத பக்கம் போவது. ஆள் பிடிபட்டார் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்காணிப்புக் கேமராப் பதிவில் வண்டி எண் தெரிய வருவதே பிரேக்த்ரூதான்.

காரிமங்கலம் நீர்ப்பணி

ஐந்தாவது வாக்கியத்துக்கு நான் விளக்கம் தருகிறேன். இதைத் தவறாகத் தமிழாக்கினால் படிக்கிறவர் உடம்புக்கே கெடுதல். ‘வடிகட்டியில் முன்னேற்றம் ஏற்பட்டதும்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

ஃபுளோரைடை எடுக்க ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வெள்ளைக் குருணையைத் தொட்டியில் நிரப்பி, தண்ணீரை அதன் ஊடே மெதுவாக விடுவார்கள். மேலிருந்து கீழாக விடுவதாக வைத்துக்கொள்வோம். ஃபுளோரைடு குருணையின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். முதலில் மேல் அடுக்கு நிரம்பும், பிறகு அதற்குக் கீழ் அடுக்கு. இப்படி நிரம்பும் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். பட்டை அடியைத் தொடும்வரை வெளிவரும் தண்ணீரில் குறை தெரியாது. தொட்டதும் ஃபுளோரைடு வெளியே தலைகாட்டும். அது வரம்பைத் தாண்டும் இடம்தான் பிரேக்த்ரூ பாயின்ட்.

வரம்பு என்ன? இந்தியத் தர அளவில் குடிநீருக்கு ஏற்கத்தக்கது லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. லிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் வெளியே வருவது 1க்கு நன்றாகக் கீழே இருக்கும். பிரேக்த்ரூவைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் 1, 1.5, 2 என்று ஏறி, கடைசியில் உள்ளே போன அதே 4 வெளியே வரும். வரைபடமாகப் போட்டால் சாய்ந்த எஸ் எழுத்து மாதிரி இருக்கும். அதைத்தான் பிரேக்த்ரூ கர்வ் என்கிறார்கள்.

இந்த அளவு ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, நாக்குக்கும் தெரியாது. சோதித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். ஊர்ப்புறத்தில் நிறம் மாறும் சாயச் சோதனைப் பெட்டி போதும். ஆய்வகத்தில் ஃபுளோரைடு மின்முனை வைத்து அளப்பார்கள்.

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பிரேக்த்ரூ வந்தால் காரணங்கள் இவை. முதலாவது பிஹெச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். அலுமினா நன்றாக வேலை செய்வது பிஹெச் 5.5 முதல் 6 வரை. நம் நிலத்தடி நீர் பொதுவாக 7க்கு மேல் இருக்கும், பைகார்பனேட்டும் கூடுதல். அது ஃபுளோரைடுடன் இடத்துக்குப் போட்டி போடும். இரண்டாவது வேகம். வால்வை அதிகமாகத் திறந்தால் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்காது. மூன்றாவது, குருணை சரியாகப் படியாமல் தொட்டிச் சுவரை ஒட்டி வாய்க்கால் விழுவது. அப்போது நடுவில் இருக்கும் குருணை புதிதாகவே இருக்க, ஓரம் வழியாகத் தண்ணீர் தப்பிவிடும். தொட்டி தீர்ந்துபோனது என்று நினைத்துக் குருணையை மாற்றுவார்கள். அடித்துக் கலக்கித் திரும்பப் படியவைத்தாலே சரியாகியிருக்கும்.

தீர்ந்துபோன குருணையை 1 சதவீத அளவிலான காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, நீர்த்த கந்தக அமிலத்தால் சமன்செய்து மறுபடி பயன்படுத்தலாம். கழுவிய கரைசலில் ஃபுளோரைடு திரண்டு நிற்கும், அதைக் கிணற்றுப் பக்கம் கொட்டக் கூடாது.

தமிழில் ‘கசிவு’ என்று எழுதினால் குழாய் ஒழுகுவதாகப் படிப்பார்கள். ஒற்றைச் சொல் தேட வேண்டாம், விரித்தே எழுதுங்க: “வெளிவரும் நீரில் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டத் தொடங்கியதும் தண்ணீர் பிடிப்பதை நிறுத்த வேண்டும்.” ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்ற சொல் சேர்ந்திருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. இங்கே இந்த ஒரு வாக்கியம் தெளிவாக இருப்பது முக்கியம்.

ஊத்தங்கரை மருந்தகம்

நீர்ப்பணி அண்ணன் சொன்ன அதே கணக்குத்தான் மருத்துவத்திலும். மருந்தோ தடுப்பூசியோ ஒரு வேலி. வேலியைத் தாண்டி வருவது எல்லாம் பிரேக்த்ரூ.

தடுப்பூசியின் தவணைகள் முடிந்து, எதிர்ப்புசக்தி உருவாக வேண்டிய நாட்களும் கழிந்த பிறகு அதே நோய் தொற்றினால் பிரேக்த்ரூ தொற்று. கொரோனாத் தடுப்பூசிக்குக் கடைசித் தவணையிலிருந்து 14 நாள் என்று கணக்கு வைத்தார்கள். ஊசி போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. தமிழில் ‘தடுப்பூசியை மீறிய தொற்று’ என்றால் யாருக்கும் புரியும். ‘மீறிய’ என்ற சொல் இந்தக் குடும்பம் முழுவதற்கும் உதவும்.

புற்றுநோய் வலிக்கு மணி பார்த்து மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே இடையில் திடீரென்று கிளம்பும் வலி, பிரேக்த்ரூ பெயின். அதாவது மருந்தை மீறிய வலி. அதற்கென்று தனியாக இடைத்தவணை மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். வழக்கமான மாத்திரையைத் தானாகவே கூட்டிக்கொள்ளச் சொல்லும் விதத்தில் மொழிபெயர்ப்பு அமைந்துவிடக் கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது மாதவிலக்கு நாளுக்கு முன்பே உதிரம் படுவது பிரேக்த்ரூ பிளீடிங். மாத்திரை விட்டுப்போவது அதற்குப் பொதுவான காரணம், தொடங்கிய முதல் சில மாதங்களிலும் வரும். வலிப்புக்கு மாத்திரை எடுப்பவருக்கு மறுபடி வலிப்பு வந்தாலும் இதே சொல்தான்.

மருத்துவத்திலேயே நேர் எதிரான பொருளும் உண்டு, அங்கேதான் செய்தித்தாள்கள் சறுக்குகின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012 முதல் சில மருந்துகளுக்குப் ‘பிரேக்த்ரூ தெரபி’ என்ற தகுதி கொடுக்கிறது. கடுமையான நோய்க்கு, இப்போதுள்ள சிகிச்சையைவிட கணிசமாக மேலானது என்று ஆரம்பகட்டச் சோதனையில் தெரிந்தால், ஆய்வை விரைவுபடுத்தக் கொடுக்கும் தகுதி அது. மருந்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வைத்தால், மறுநாளே கடைக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ‘விரைவு ஆய்வுத் தகுதி’ என்று எழுதி, ஒப்புதல் இன்னும் வரவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்க.

ஓசூர் டூல்ரூம்

பட்டறையில் இந்தச் சொல் உருவகமே கிடையாது, அப்படியே கண்ணால் பார்க்கிறது. தகட்டில் துளை போடும்போது டிரில் பிட் அடிப்பக்கம் வெளிவரும் கணம் பிரேக்த்ரூ. ஆபத்தான கணமும் அதுதான். அடியில் மெல்லிய வளையம் மாதிரி மிச்சம் இருக்கும் உலோகத்தில் பிட்டின் வெட்டுவாய் மாட்டிக்கொண்டு, தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கும். வேலைப்பொருளை வைஸில் (பிடிகருவியில்) இறுகப் பிடிக்காமல் இருந்தால் பிட்டோடு சேர்ந்து சுற்றிக் கையைக் கிழித்துவிடும். கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் அழுத்தத்தைக் குறைக்கணும், அடியில் மரக்கட்டை கொடுக்கணும். பித்தளையில் இழுப்பு இன்னும் அதிகம், அதனால் பிட்டின் வெட்டுவாயைக் கொஞ்சம் மழுக்கித் தீட்டிக்குவார்கள். மரக்கட்டை கொடுத்தால் அடிப்பக்கப் பிசிறும் குறையும்.

சுரங்கப்பாதை வேலையிலும் இதே பொருள். இரண்டு முனையிலிருந்து குடைந்துவந்து நடுவில் சந்திப்பது பிரேக்த்ரூ. இங்கிலாந்து, பிரான்ஸ் இடையே கடலுக்கு அடியில் தோண்டிய சுரங்கம் அப்படிச் சந்தித்தது 1990 டிசம்பர் 1 அன்று. வண்டி ஓடத் தொடங்கியது 1994இல். அதனால் ‘சுரங்கப்பாதை திறப்பு’ என்று எழுதினால் தப்பு. ‘இரு முனைகளும் இணைந்தன’ என்று எழுதலாம்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று. வண்டி பிரேக்குக்கும் உடைக்கிற பிரேக்குக்கும் தமிழில் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் வேறு. உடைப்பதில் ஆர் எழுத்துக்கு அடுத்து இ, ஏ வரும். நிறுத்துவதில் ஏ மட்டும் வந்து கடைசியில் இ வரும். எங்கள் பக்கம் ரிப்போர்ட்டில் நிறுத்துகிற பிரேக்கைப் போட்டு பிரேக்த்ரூ எழுதியது நிறைய கண்ணில் படும்.

மத்தூர் நடுகல்

மூன்றாவது வாக்கியத்தை யாரும் தொடவில்லையே. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரியின் காலம் பொது ஆண்டுக்கு முன் (கி.மு.) 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் இரும்புப் பயன்பாடு ஏறத்தாழ 4,200 ஆண்டு பழமையானது என்று ஆயிற்று. இதைப் பிரேக்த்ரூ என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது? தகடூர் ஐயாவின் ‘தடை எங்கே’ சோதனை இங்கே தோற்றுவிடும் போலிருக்கிறது. மதில் எதுவும் இல்லை, ஆனாலும் செய்தி பெரிது.

தகடூர் சொல்வயல்

நடுகல் அவர்களே, செய்தி பெரிது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பெரிய செய்தி எல்லாம் பிரேக்த்ரூ ஆகிவிடாது. ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொல் அடுக்காக இருக்கின்றன. மண்ணுக்குள் கிடந்த பொருள் வெளிப்பட்டது டிஸ்கவரி, கண்டெடுப்பு. ஆய்வகத்தில் காலம் 2172 என்று வந்தது ஃபைண்டிங், ஆய்வு முடிவு. அந்த முடிவால் இதுவரை அடைபட்டிருந்த ஒரு கேள்வி திறந்துகொண்டால் அது பிரேக்த்ரூ. இரும்பு இங்கே பிந்தித்தான் வந்தது என்ற கருத்தை மதிலாக நினைத்து எழுதினால் உங்கள் சொல் பொருந்தும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மதில் எது என்பதை வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். “இரும்புப் பயன்பாட்டின் காலத்தை 4,200 ஆண்டுக்கு முன்பு வரை கொண்டுபோன முடிவு” என்று எழுதினால் பெரிய சொல் எதுவும் இல்லாமலே பெருமை முழுதாக வந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையிலிருந்து இன்னும் பழைய காலக்கணிப்பு வெளியானது. அப்போது முன்னதைத் திருப்புமுனை, சாதனை என்றெல்லாம் எழுதியவர்களுக்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை. ஆண்டை எழுதியவர்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

மத்தூர் நடுகல்

வாக்கியத்திலேயே மதிலைச் சொல்லிவிடுவது சரிதானுங்க ஐயா. ‘முடிவு’ என்ற சொல் மட்டும் சப்பென்று இருக்கிறது. ‘காலக்கணிப்பு’ என்று போடலாம்.

தகடூர் சொல்வயல்

அது மேல். அப்படியே போடட்டும்.

பாலக்கோடு ஆங்கில வகுப்பு

மிச்சம் இருக்கும் மூன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றும் தாவல்தான், ஆனால் தாவும் விதம் வேறு.

லீப்ஃப்ராக் நமக்கு நன்றாகத் தெரிந்த விளையாட்டு: பச்சைக்குதிரை. ஒருவர் குனிந்து நிற்க, இன்னொருவர் அவர் முதுகில் கையை ஊன்றித் தாண்டுவது. ஆகவே பொருளில் ‘தாண்டப்படுவது’ ஒன்று கட்டாயம் இருக்கும். தரைவழித் தொலைபேசியே வராத மலைக்கிராமத்துக்கு நேரே செல்போன் வந்தது லீப்ஃப்ராக். அட்டை தேய்க்கும் கருவியே வைத்திராத தக்காளி மண்டி வாசல் டீக்கடை, 2016இல் யுபிஐ வந்த பின் ஒரு கட்டத்தையே விட்டுவிட்டுக் கியூஆர் அட்டைக்குப் போனது லீப்ஃப்ராக். தமிழில் ‘இடைக்கட்டத்தைத் தாண்டி’ என்று எழுதலாம். போட்டியாளரை முந்துவதற்கும் வரும், அங்கே ‘பின்னுக்குத் தள்ளி’ போதும்.

குவாண்டம் லீப் இயற்பியலிலிருந்து வந்தது. 1913இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் தந்த அணு மாதிரியில் எலக்ட்ரான் ஒரு ஆற்றல் படியிலிருந்து இன்னொரு படிக்குப் போகும், இடையில் நிற்கவே நிற்காது. அளவில் அது மிக மிகச் சிறியது. பொதுவழக்கில் ‘மாபெரும் பாய்ச்சல்’ என்று ஆகிவிட்டது. அந்த வழக்கு நிலைத்துவிட்டதால் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அறிவியல் படிக்கிற மாணவர்களுக்கு எழுதும்போது ‘படிதாண்டல்’ என்றும், செய்தியில் ‘ஒரே பாய்ச்சல்’ என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே தடை எதுவும் கிடையாது, இடைநிலை இல்லை என்பதுதான் பொருளின் உயிர்.

லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ் ஒரு நாளில் நடப்பதைக் குறிக்காது. தொடர்ந்து வேகமாக வளர்வது. ‘குரோ’, ‘இம்ப்ரூவ்’ போன்ற வினைகளோடு, முன்னால் ‘பை’ அல்லது ‘இன்’ சேர்ந்து வரும். இதற்கு நாம் சொல் தேடவே வேண்டாம்: நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக. சிப்காட் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்து 2019இல் மாநகராட்சியான ஓசூருக்கு இதுதான் பொருந்தும். ஓசூரின் வளர்ச்சியைப் பிரேக்த்ரூ என்றால் பொருந்தாது.

இனி இலக்கணம், இதில்தான் என் மாணவர்களின் மதிப்பெண் போகிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது சேர்த்து எழுத வேண்டும், அழுத்தம் முதல் அசையில். வினையாக வரும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும், அழுத்தம் ‘த்ரூ’வில். இறந்தகாலம் ‘புரோக் த்ரூ’. பெயர்ச்சொல்லோடு ‘-எட்’ ஒட்டிப் ‘பிரேக்த்ரூட்’ என்று ஒரு வடிவம் கிடையாது. எண்ணக்கூடிய பெயர், எனவே ஒருமையில் ‘எ’ வேண்டும், பன்மையில் ‘எஸ்’ வேண்டும். ‘டூ எ பிரேக்த்ரூ’ என்று வராது. ‘மேக்’ அல்லது ‘அச்சீவ்’தான் வரும். துறையைச் சொல்லும்போது ‘இன்’. ‘த்ரூ’வை ‘த்ரோ’ என்று படித்தால் எறிவது ஆகிவிடும். ‘தகடூர் எறிந்த’ என்ற எடுத்துக்காட்டை மேலே பார்த்தவர்கள் அந்த எறிதலையும் இந்த த்ரோவையும் முடிச்சுப்போட்டுவிடாதீர்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை.

கிரிக்கெட் வர்ணனையில் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலைத்து ஆடும் இணையைப் பிரிக்கும் விக்கெட்டுக்குத்தான் பிரேக்த்ரூ என்பார்கள். கடைசி ஆட்டக்காரர் முதல் பந்தில் ஆட்டமிழந்தால் அப்படிச் சொல்வதில்லை, அங்கே உடைக்கக் கூட்டணி இல்லை. ‘இணையைப் பிரித்தார்’ என்பது அழகான தமிழாக்கம்.

கிணறு வெட்டுகிறவர்கள் பாறையைப் பிளந்து நீர் பீறிட்டதும் ‘ஊற்றுக்கண் திறந்தது’ என்பார்கள். நல்ல சேதிக்கு வரும் பிரேக்த்ரூவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. வெகுநாள் முயற்சி, குறுக்கே பாறை, திடீரென்று நீர், மூன்றும் அதில் இருக்கின்றன. கட்டுரையில் துணிந்து ஆளலாம். மூன்று பத்திச் செய்தியில் கொஞ்சம் பூடகமாக இருக்கும்.

பர்கூர் மொழியாக்கம்

எல்லாருக்கும் நன்றிங்க. திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்க.

மாங்காய் விலைப் பேச்சில் நீடித்த இழுபறி தீர்ந்து உடன்பாட்டுக்கு வழி பிறந்தது.

நகைத் திருட்டு வழக்கில் துப்பு துலங்கியது.

இரும்புப் பயன்பாட்டின் காலத்தை 4,200 ஆண்டுக்கு முன்பு வரை கொண்டுபோன மயிலாடும்பாறைக் காலக்கணிப்பு.

தடுப்பூசியை மீறியும் தொற்று வரலாம்.

வெளிவரும் நீரில் ஃபுளோரைடு கூடியதும் தண்ணீர் பிடிப்பதை நிறுத்த வேண்டும்.

காரிமங்கலம் நீர்ப்பணி

கடைசி வாக்கியத்தில் ‘கூடியதும்’ போதாதுங்க. 0.3இலிருந்து 0.5க்குப் போனாலும் கூடியதுதான், அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ‘லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியதும்’ என்று எண்ணையே போட்டுவிடுங்க. படிக்கிறவர் சோதனைப் பெட்டியின் நிற அட்டையில் அந்த எண்ணைத்தான் தேடுவார்.

தகடூர் சொல்வயல்

முதல் வாக்கியத்தில் ‘உடன்பாட்டுக்கு வழி பிறந்தது’ சரியான அளவில் நிற்கிறது. ‘நீடித்த’ வேண்டாம், இழுபறி என்றாலே நீடித்ததுதான். நான்காவதில் ‘மீறியும்’ என்று உம்மை போட்டதும் நன்று, தடுப்பூசியால் பயனே இல்லை என்ற எண்ணம் வராது. இரண்டாவதில் கை வைக்க ஒன்றுமில்லை.